லோ கார்ப் தொடங்குபவருக்கு: கையைக் கடிக்காத ஒரு வாரச் சாப்பாடு

லோ கார்ப், அதாவது மாவுச்சத்தைக் குறைத்த சாப்பாடு, ஆரம்பித்த முதல் வாரம் நான் செய்த செலவை இன்றுவரை வீட்டில் முழுசாகச் சொன்னதில்லை. பாதாம் மாவு ஒரு பை. ‘கீட்டோ’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த பிஸ்கட். சர்க்கரைக்குப் பதிலாக ஒரு டப்பா வெள்ளைத் தூள். எலும்பு நீக்கிய கோழிக்கறி இரண்டு கிலோ. பாதாம் மாவில் சுட்ட ரொட்டி நடுவில் குழிந்து, எடுத்தால் ஈர மணல் மாதிரி உதிர்ந்தது. பிஸ்கட் இரண்டே நாளில் காலி. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பணம் போனது சாப்பாட்டுக்கு அல்ல, பழைய சாப்பாட்டைப் போலவே ஒன்றைச் செய்து பார்க்கும் ஆசைக்கு.

அதனால் இந்த வழிகாட்டியில் மாற்று ரொட்டி, மாற்று கேக் எதுவும் வராது. முட்டை, முட்டைக்கோஸ், கோழி, சின்ன மீன், தயிர், பயறு, எண்ணெய். இவ்வளவுதான்.

தொடங்கும் முன்: மருந்து சாப்பிடுகிறீர்களா?

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளைக்ளசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மருந்தின் அளவை மருத்துவர் முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கு வேறொரு அபாயம்: சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்குக் கூடிவிடலாம். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கக்கூடும். சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

எவ்வளவு குறைக்கப் போகிறீர்கள்?

இந்த ஒரு முடிவுதான் உங்கள் மளிகைச் செலவில் பாதியைத் தீர்மானிக்கிறது. நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து இருந்தால் பொதுவாக அதை லோ கார்ப் என்கிறார்கள். 20 முதல் 50 கிராமுக்குள் இறுக்கிப் பிடித்தால் அது கீட்டோ.

கீட்டோவில் பயறு, கொண்டைக்கடலை, பழம் எல்லாம் ஏறக்குறைய வெளியே போய்விடும். மிச்சமிருக்கும் புரதங்கள் பெரும்பாலும் விலை கூடியவை. 80, 100 கிராம் என்று நிறுத்திக்கொண்டால் ஒரு கிண்ணம் பயறுக்கு இடம் இருக்கிறது. வலிப்பு நோய்க்குச் சிகிச்சையாகவோ மருத்துவர் சொல்லியோ கீட்டோ எடுப்பவர்கள் கதை வேறு. மற்றபடி கையில் காசு குறைவாக உள்ள புதியவர் முதல் மாதம் 100 கிராமை ஒட்டி நிற்பதுதான் நல்லது என்பது என் கட்சி. பிறகு வேண்டுமானால் இறக்கிக்கொள்ளலாம்.

எண்களுக்கு ஒரு பழக்கம் வேண்டும். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து. ஒரு துண்டு ரொட்டியில் 12 முதல் 15. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 27. ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் 4. முட்டையில் ஒரு கிராமுக்கும் குறைவு. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் முதல் இரண்டு வாரம் நிறுத்துப் பாருங்கள். அப்புறம் கண்ணே அளந்துவிடும்.

தட்டிலிருந்து எடுத்தது என்ன வேலை செய்தது?

அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு மூன்றும் உலகம் முழுக்க ஏழை பணக்காரர் வித்தியாசமில்லாமல் தட்டில் இருக்கக் காரணம் அவற்றின் மலிவு. 150 கிராம் அரிசி கிட்டத்தட்ட 540 கலோரி தருகிறது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தை இறைச்சியால் நிரப்பினால் பர்ஸ் அழத்தான் செய்யும். புதியவர்கள் எல்லோரும் விழும் குழி இது.

1863இல் லண்டனில் ஈமச்சடங்கு ஏற்பாட்டுத் தொழில் நடத்திய வில்லியம் பேன்டிங் என்பவர், தான் உடல் இளைத்த கதையை ஒரு சிறு வெளியீடாக அச்சிட்டார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு இவற்றைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார் அவருடைய மருத்துவர். பதிலுக்கு அவர் தட்டில் வேளைக்கு வேளை இறைச்சி அல்லது மீன், கூடவே ஒயின். வசதியான மனிதர், கட்டுபடியானது. லோ கார்ப் என்றாலே பணக்காரச் சாப்பாடு என்ற பேச்சு அப்போதே முளைத்துவிட்டது போல.

உண்மையில் சோறும் ரொட்டியும் இரண்டு வேலை செய்தன: வயிற்றை நிரப்பின, சக்தி கொடுத்தன. இரண்டையும் ஒரே பொருளிடம் கேட்காதீர்கள். வயிற்றை நிரப்பும் வேலையை மலிவான காய்க்குக் கொடுங்கள். சக்தி தரும் வேலையைச் சமையல் எண்ணெய்க்கும் ஒரு பிடி நிலக்கடலைக்கும் கொடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. அரிசி, மாவு, சர்க்கரை போன்றவற்றை விட்டால், கலோரிக்கு மிகக் குறைந்த விலையில் கிடைப்பவற்றில் எண்ணெயும் ஒன்று. புரதம் முன்பு சாப்பிட்டதைவிடச் சற்றுக் கூடினால் போதும், இரண்டு மடங்காக வேண்டியதில்லை. ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் குறைந்தபட்சத் தேவை என்று கணக்கிடுகிறார்கள். 60 கிலோ எடைக்கு அது 48 கிராம். எடை குறைக்கும்போது தசை கரையாமலிருக்க 70, 80 கிராம் வரை போகலாம்.

எடை குறைப்பதுதான் நோக்கம் என்றால் எடுத்த கலோரி முழுவதையும் திருப்பி நிரப்பத் தேவையும் இல்லை.

20 கிராம் புரதத்துக்கு என்ன விலை?

கடையில் நிற்கும்போது கிலோ விலையைப் பார்க்காதீர்கள். எலும்பில்லாத கறியின் கிலோ விலையையும் முட்டையின் விலையையும் எப்படி ஒப்பிடுவது? அதற்கு ஒரே அளவுகோல் வேண்டும். நான் வைத்திருப்பது 20 கிராம் புரதம், அதாவது ஒரு வேளைக்குத் தேவையானது.

அந்த 20 கிராம் கிடைக்க ஏறக்குறைய இவ்வளவு வாங்க வேண்டும்: முட்டை மூன்று (18, 19 கிராம் வரும், போதும்). எலும்பில்லாத பச்சைக் கோழிக்கறி 100 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நீர் வடித்த டப்பா மத்தி மீன் 80 கிராம். தோல் நீக்கிய நிலக்கடலை 80 கிராம். உலர்ந்த மீல் மேக்கர் 40 கிராம். சாதாரணத் தயிர் அரைக் கிலோவுக்கும் மேல். வேகவைத்த பயறு 220 கிராம். உங்கள் ஊர் விலையை இந்த அளவுகளால் பெருக்கிப் பாருங்கள், ஒரு துண்டுத் தாளில் வரிசையாக எழுதுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் சொந்த வழிகாட்டி, என் கட்டுரையைவிட உதவும்.

எழுதியதும் பக்கத்தில் இரண்டு குறிப்பு சேர்க்க வேண்டும். ஒன்று, கூடவே வரும் மாவுச்சத்து. 220 கிராம் பயறில் சுமார் 44 கிராம், அதில் நார்ச்சத்து 17 போல. எனவே பயறு விலையில் எவ்வளவு ஜெயித்தாலும் நாளுக்கு ஒரு வேளை, அதுவும் அரை அளவு. இரண்டாவது, கூடவே வரும் கலோரி. 80 கிராம் நிலக்கடலை 450 கலோரிக்குக் குறையாது. டீவி முன்னால் உட்கார்ந்து கொறிக்க ஆரம்பித்தால் அது எப்போது 80 தாண்டியது என்று கைக்கே தெரியாது. கடலையைக் கிண்ணத்தில் அளந்து எடுங்கள், பையைத் திரும்ப அலமாரியில் வையுங்கள். நான் இதை எழுதுவது அனுபவத்தால்.

கோழி வாங்கினால் முழுசாக வாங்குங்கள். எலும்பு கழிந்தால் எடையில் மூன்றில் ஒரு பங்கு போல குறையும், அதைக் கணக்கில் சேர்த்த பிறகும் பெரும்பாலும் முழுக் கோழிதான் மலிவாக முடியும். எலும்பு சூப்புக்கு ஆகும், தோலிலிருந்து இறங்கும் கொழுப்பு காய் வதக்க ஆகும். மீனில் பெரிய மீன் துண்டுகளை விட்டுவிட்டுச் சின்ன மீனைப் பாருங்கள். மத்தி, நெத்திலி போன்றவை விலையிலும் குறைவு, ஒமேகா 3 கொழுப்பும் உண்டு, பாதரசமும் பெரிய மீன்களைவிடக் குறைவு. கல்லீரல் பல இடங்களில் கறியைவிட மலிவு, சத்தும் அதிகம். வாரம் ஒரு முறை போதும். வைட்டமின் ஏ மிகுதி என்பதால் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

சாசேஜ், நக்கெட் வகையறாக்களில் கறியோடு மாவும் சேர்த்து அரைத்திருப்பார்கள். கறி விலைக்கு மாவு வாங்குகிறீர்கள். வேண்டாம்.

தட்டை நிரப்பும் காய்

முட்டைக்கோஸைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். 100 கிராமில் மாவுச்சத்து 6 கிராமுக்குள், அதிலும் 2.5 கிராம் நார்ச்சத்து. முழுசாகக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் அசையாது. கீரை மூன்றாம் நாள் வாடும், வெள்ளரி ஒரு வாரத்தில் வழவழக்கும், முட்டைக்கோஸ் மட்டும் காத்திருக்கும். ஆனால் சமைக்கத் தெரியாமல் சமைத்தால் நாறும், அதனால்தான் அதற்குக் கெட்ட பெயர். மெல்லிசாக நறுக்குங்கள். அகலமான வாணலி, நல்ல தீ, மூடி போடாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், உப்பைக் கடைசியில் போடுங்கள். ஐந்தாறு நிமிடம். ஓரங்கள் லேசாகச் சிவக்கும்போது இறக்கினால் இனிப்பு தட்டும். சோறு இருந்த இடத்தில் இதைக் குவித்து, மேலே குழம்போ கறியோ ஊற்றிக்கொள்ளலாம்.

வதக்கினால் சுருங்கும் என்பதை மறக்காதீர்கள். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 300, 400 கிராம் பச்சையாக எடுத்தால்தான் தட்டு நிறையும். முதல் வாரம் பசித்துப் போகிறவர்களில் பாதிப்பேர் காயைக் குறைவாகப் போட்டவர்கள்தான்.

காலிஃபிளவர், கத்தரி, வெண்டை, பீன்ஸ், முள்ளங்கி, தக்காளி, வெள்ளரி, எல்லாக் கீரையும் பயமில்லாமல் சாப்பிடலாம். கேரட், பீட்ரூட் இரண்டிலும் 100 கிராமுக்கு 10 கிராம் அளவு, வெங்காயத்திலும் கிட்டத்தட்ட அதே. தாளிப்பில் சேர்ந்தால் ஒன்றும் ஆகாது. கிழங்கு வகையை மட்டும் தள்ளி வையுங்கள். எந்தக் காய் அந்த வாரம் மலிவோ அதுதான் அந்த வாரக் காய், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விலை ஏறிய காலிஃபிளவரைத் துரத்த வேண்டாம். உறைந்த பீன்ஸும் கீரையும் சத்தில் பெரிதாகக் குறைந்தவை அல்ல, வீணாவதும் இல்லை. பட்டாணியில் மட்டும் மாவுச்சத்து அதிகம்.

ஒரு ஆளுக்கு ஒரு வாரம்

முதலில் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் அரிசியையும் மாவையும் தூக்கி எறியாதீர்கள். மற்றவர்கள் சாப்பிடட்டும், இல்லையென்றால் நீங்களே முதல் இரண்டு வாரம் அளவைப் பாதிப்பாதியாக இறக்கித் தீர்த்துவிடுங்கள். அந்த இரண்டு வாரத்தில் நிறுத்த வேண்டியது குளிர்பானம், பழச்சாறு, பிஸ்கட். 330 மில்லி கோலா டப்பா ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை. இவற்றுக்கு ஆகும் செலவை யாரும் உணவுச் செலவாக எழுதுவதில்லை. எழுதிப் பாருங்கள், முட்டைக்கான காசு அங்கேயே கிடைக்கும்.

பிறகு இந்தப் பட்டியல். முட்டை 20. முழுக் கோழி ஒன்று, ஒன்றரைக் கிலோ. சின்ன மீன் 400 கிராம். தயிர் ஒரு கிலோ. உலர்ந்த பயறு அல்லது கொண்டைக்கடலை 250 கிராம். நிலக்கடலை 250 கிராம். முட்டைக்கோஸ் 2 கிலோ, கீரை முக்கால் கிலோ, காலிஃபிளவர் ஒன்று, கத்தரியும் பீன்ஸும் சேர்த்து ஒரு கிலோ, தக்காளியும் வெள்ளரியும் ஒரு கிலோ, வெங்காயம் அரைக் கிலோ, எலுமிச்சை சில. சமையல் எண்ணெய் அரை லிட்டர்.

கூட்டிப் பார்த்தால் நாளுக்கு ஏறத்தாழ 1,700, 1,800 கலோரி, 85 கிராம் புரதம், நார்ச்சத்தையும் சேர்த்து 80 கிராமை ஒட்டிய மாவுச்சத்து. பெரிய உடம்புக்காரர், உடலுழைப்பு செய்பவர் என்றால் முட்டையையும் எண்ணெயையும் கூட்டிக்கொள்ளுங்கள். சைவம் என்றால் கோழி, மீன் இடத்தில் மீல் மேக்கர் 300 கிராம், டோஃபு அரைக் கிலோ. முட்டையும் இல்லையென்றால் தயிரும் டோஃபுவும் இன்னும் கூட வேண்டும். அப்போது 100 கிராமுக்குக் கீழே இறங்குவது கடினம், பரவாயில்லை, 120இல் நில்லுங்கள்.

எண்ணெயில் எது என்று கேட்பீர்கள். நீங்கள் வழக்கமாக வாங்கும் தாவர எண்ணெயே போதும். வெண்ணெயைக் கட்டி கட்டியாகப் போட்டுச் சாப்பிடும் மோகம் இந்த உணவுமுறையில் உண்டு. அது செலவும் கூட, சிலருக்கு ரத்தத்தில் எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பும் ஏறும். தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து ஒன்று, எடுத்துவிடுங்கள்.

விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம்

வாரம் முழுக்கச் சமைக்க வேண்டும் என்றால் நான்காம் நாள் அலுத்துப்போய் வெளியே வாங்குவீர்கள். அங்கே ஒரு வேளைக்குக் கொடுப்பது வீட்டில் இரண்டு நாள் செலவு. எனவே கடைக்குப் போய் வந்த அன்றே கொஞ்சம் வேலை.

முதல் அடுப்பில் எட்டு முட்டையை வேகவைத்து ஓட்டோடு குளிர்ப்பெட்டியில் வையுங்கள், ஒரு வாரம் தாங்கும். பயறை முந்தின இரவே ஊறப்போட்டிருந்தால் அடுத்த அடுப்பில் அது. வெந்ததைச் சின்னச் சின்னக் கிண்ணமாகப் பிரித்து உறையவைத்துவிடுங்கள், அளவு மீறாது. கோழியைத் துண்டாக்கி, கால்கள் அன்றைய இரவுக்கு. மார்புக் கறி வெந்ததும் உதிர்த்து வைத்தால் அடுத்த இரண்டு நாள் முட்டைக்கோஸ் வதக்கலில் சேரும். எலும்பைத் தண்ணீரும் ஒரு மூடி எலுமிச்சைச் சாறும் விட்டுச் சிறுதீயில் விட்டுவிட்டு நீங்கள் குளிக்கப் போகலாம். சமைத்த கறி குளிர்ப்பெட்டியில் மூன்று நான்கு நாள்தான், அதற்கு மேல் வேண்டுமென்றால் உறையவைக்க வேண்டும்.

சாப்பிடும் வரிசைக்கும் ஒரு கணக்கு உண்டு. கீரை முதலில், பிறகு கத்தரி, வெள்ளரி, தக்காளி. வாரக் கடைசிக்கு முட்டைக்கோஸும் முட்டையும் உறைந்த பயறும். காலைக்கு இரண்டு முட்டையும் மிச்சக் காயும், மதியம் வதக்கிய காயோடு கறி அல்லது மீன், இரவில் சூப்பும் அரைக் கிண்ணம் பயறும், நடுவில் தயிரோ ஒரு பிடி கடலையோ. ஏழு நாளுக்கு இருபத்தோரு விதமான சமையல் தேட வேண்டாம். நான்கு சமையல் நன்றாக வந்தால் மசாலாவை மாற்றியே மாதத்தை ஓட்டலாம்.

குடும்பத்தோடு இருப்பவர்கள் தனக்கென்று தனிச் சமையல் வைத்துக்கொள்ளாதீர்கள். அதே குழம்பு, அதே கறி. அவர்களுக்குச் சோறு அல்லது ரொட்டி, உங்களுக்குக் கூடுதலாக ஒரு கரண்டி காய். குழம்பை மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்காமல் வற்றவைத்துக் கெட்டியாக்கினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

பொட்டலத்தின் பின்பக்கம்

முன்பக்கத்தைப் படிக்க வேண்டாம். பின்னால் உள்ள பொருட்பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். முதல் மூன்றில் சர்க்கரையோ மாவோ ஸ்டார்ச்சோ இருந்தால் வைத்துவிடுங்கள். சத்து அட்டவணையில் ஒரு சிக்கல்: அமெரிக்க முறையில் மொத்த கார்போஹைட்ரேட்டுக்குள் நார்ச்சத்தும் அடங்கும், ஐரோப்பிய முறையில் நார்ச்சத்து தனி. ஐரோப்பியப் பொட்டலத்தில் மறுபடி நார்ச்சத்தைக் கழித்தால் கணக்கு தப்பிவிடும். ‘சர்க்கரை இல்லை’ என்று போட்ட இனிப்புகளில் மால்டிடால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அதுவும் ரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியதுதான், வயிற்றையும் கலக்கும்.

முதல் இரண்டு வாரம் உடம்பு என்ன செய்யும்?

முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தால் துள்ளாதீர்கள். மாவுச்சத்தை உடல் கிளைகோஜனாக மாற்றிச் சேமித்து வைக்கும்; அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கிளைகோஜன் கரைந்தால் அந்தத் தண்ணீர் வெளியேறும், கூடவே உப்பும். தலைவலி, சோர்வு, கால் பிடிப்பு வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இதற்கென்று விற்கும் எலக்ட்ரோலைட் பொடிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அந்த எலும்புச் சூப்பில் உப்புப் போட்டு ஒரு குவளை குடித்தாலே போதும். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் சம்பந்தமான சிக்கல் உள்ளவர்கள் மட்டும் உப்பைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். மலச்சிக்கல் வந்தால் காய் போதவில்லை அல்லது தண்ணீர் போதவில்லை.

ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்

நான்கு வார ரசீதையும் ஒன்றாக விரித்து, சாப்பிடாமல் குப்பைக்குப் போன பொருளை எல்லாம் சுழியுங்கள். என்னுடையதில் சுழி விழுந்தது கறிக்கும் மீனுக்கும் அல்ல, வாங்கி வைத்து வாடவிட்ட கீரைக்கும், ஆசையாய் எடுத்து மூலையில் கிடந்த வெள்ளரிக்கும்தான். இப்போது கீரையை வாரத்துக்கு இரண்டு முறை, பாதிப் பாதியாக வாங்குகிறேன். கீரைத் தண்டும், முட்டைக்கோஸின் வெளி இலையும், காலிஃபிளவர் காம்பும் ஒரு பையில் உறைந்து கிடக்கும். அடுத்த கோழி எலும்பு வரும்போது எல்லாம் ஒரே பானைக்குள்.